பிரேமலாவின் பாதமும் ஓர் எழுத்துப் பிழையும்

பிரேமலாவுக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, கால்தான் சிவக்கும் என்று மலேசியக் கரையோர மெர்சிங் ஊர் ஐஸ் பெக்டரியில் ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. கோபம் வந்தாலும் சிவக்கும், வராவிட்டாலும் சிவக்கும். மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் சிவக்கும். கல்யாண வீட்டில் பட்டுப் புடவை கட்டி ஒரு மணி நேரம் நின்றால் சிவக்கும். சாக்ஸ் போடச் சொன்னால் போடும் முன்பே சிவந்துவிடும். சிவந்து, வீங்கி, கணுக்காலுக்கு மேல் நாலு விரல் உயரம் வரைக்கும் கொதிக்கிற எண்ணெயில் முக்கி எடுத்த மாதிரி எரியும். அந்த நேரத்தில் அவளிடம் யார் என்ன பேசினாலும் ஒரே பதில்தான்: "ஐஸ் எங்க?"

அதனால்தான் அவள் ஐஸ் பெக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். படகுகள் கடலுக்குப் போகும் முன் வந்து ஐஸ் ஏற்றிக்கொள்ளும் இடம் அது. பெரிய பெரிய பாளங்களை இயந்திரத்தில் போட்டு நொறுக்கி, குழாய் வழியே படகுக்குள் தள்ளுவார்கள். நேர்முகத் தேர்வில் சீன முதலாளி, ஏன் இந்த வேலை வேண்டும் என்று மலாயில் கேட்டார். "குளிர் ரூம்ல செருப்பில்லாம நிக்கலாமா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் கழன்றிருக்கிறது, ஆனால் சம்பளம் பற்றிக் கேட்கவில்லை என்று எண்ணி, அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது அவள் அங்கே மேற்பார்வையாளர். வயது நாற்பத்திரண்டு.

காலில் தீ பிடித்தது அவளுக்கு ஏழு வயதில். அப்போது குடும்பம் காஹாங்கில் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துப் பக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை காலை எல்லோரும் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து மாட்டிக்கொண்டு வெயிலில் நின்று பாட்டுப் பாட வேண்டும். பிரேமலா பாட்டின் நடுவிலேயே வரிசையை விட்டு ஓடிப்போய், கேன்டீன் பக்கத்து லோங்காங்கில் சப்பாத்தோடு இறங்கி நிற்பாள். பாத்திரம் கழுவிய சாக்கடைத் தண்ணீர்தான் ஓடும். அவளுக்கு அது சொர்க்கம். ஆசிரியர் காதைப் பிடித்துத் தூக்குவார். மறுவாரமும் ஓடுவாள்.

அவளுடைய அப்பா அர்ச்சுனனுக்கும் அதே கால். அவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். ரப்பர் பூட்ஸ் போடாமல் தோட்டத்துக்குள் போகக்கூடாது என்பது சட்டம். பூட்ஸுக்குள் அரைநாள் வெந்த காலை வேலை முடிந்ததும் வெளியே எடுப்பார், நேரே வாய்க்காலுக்குப் போவார், முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். சில நாள் வலியில் முனகுவார். சில நாள் எழுந்து நடக்க முடியாமல் தள்ளாடுவார். பார்க்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? அர்ச்சுனன் குடித்துவிட்டு வாய்க்காலில் கிடக்கிறான் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. வாழ்நாளில் ஒரு போத்தல் பீர்கூட முழுசாகக் குடித்திராத மனிதர் 'வாய்க்கா அர்ச்சுனன்' ஆனார். அறுபத்தொரு வயதில் மாரடைப்பில் போய்ச் சேரும் வரைக்கும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை.

இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் வாயாக இருந்தவள் அர்ச்சுனனின் தங்கை பேச்சியம்மாள். பெயரை வைத்தவர்கள் ஏதோ தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். "அப்பனும் மகளும் ஒரு நாடகக் கம்பெனி," என்று அத்தை ஊர் கேட்கச் சொல்லுவாள். "யாருக்கும் இல்லாத காலா இவங்களுக்கு? கொஞ்சம் எரிஞ்சா தாங்கிக்கணும்லா."

சொல்வதோடு விட்டாளா, வைத்தியமும் பார்த்தாள். சந்தனம், மருதோன்றி, சோற்றுக் கற்றாழை, பழைய சோற்றுத் தண்ணீர் என்று அந்தக் காலில் பூசாதது இல்லை. குளுவாங் பக்கத்து மலாய் மந்திரவாதி, போமோ ஒருவர், ஏழு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு, வேண்டாத ஒருவர் வைத்த சூனியம் என்றார். சீன வைத்தியர் சின்சே ஒருவர் இரண்டு காலிலும் ஊசி குத்தி, அரைமணி நேரம் முள்ளம்பன்றி மாதிரி உட்கார வைத்தார். டாக்டர்களும் தங்கள் பங்குக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. யூரிக் அமிலம் பார்த்தார்கள், அதுவும் இல்லை. ஒருவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மனசுல ஏதாவது கவலையாம்மா?" என்று கனிவாகக் கேட்டார்.

"இருக்கு டாக்டர். கால் எரியுது."

"அதுக்கு முன்னால என்ன கவலை?"

"அதுக்கு முன்னால எனக்கு ஏழு வயசு டாக்டர்."

அவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பத்தொன்பது வயதில் அத்தை அவளைக் கேட்காமலேயே கோயிலில் நேர்ந்துகொண்டு வந்தாள்: பிரேமலா தீ மிதிப்பாள். தீயில் இறங்கினால் தீ போய்விடும் என்பது அத்தையின் கணக்கு. பிரேமலா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அத்தை, மத்தவங்க வருஷத்துக்கு ஒரு தடவ மிதிக்கிறாங்க. நான் தினம் மிதிக்கிறேன், மேளம்கூட இல்லாம. அம்மன்தான் எனக்கு மாலை போடணும்."

அத்தை ஒரு மாதம் பேசவில்லை. குடும்பமே நிம்மதியாக இருந்தது.

ஹேமநாதன் அவளைப் பெண் பார்க்க வந்த கதையை அவளே சிரித்துச் சிரித்துச் சொல்வாள். அவன் மெர்சிங்கிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு போகும் லாரி ஓட்டுகிறவன். அன்றைக்கும் லாரியிலேயே வந்துவிட்டான், பின்னால் மீன் பெட்டிகளோடு. கூடத்தில் அவன் அம்மா உட்கார்ந்திருக்க, பிரேமலா தேநீர் கொடுத்து, காலில் விழுந்து எழுந்து, சொன்ன இடத்தில் நின்றாள். இருபது நிமிடம்தான் தாங்கியது. பாத்திரம் எடுத்து வைப்பதுபோல அடுப்படிக்குப் போய், வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். தண்ணீர் குடிக்க வந்த மாப்பிள்ளை அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டான்.

"என்ன, கால்ல?"

"எரியுது."

வேறு யாராக இருந்தாலும் ஏன், எப்படி, எப்போதிருந்து என்று கேட்டிருப்பார்கள். அவன் கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்தான். "ஐஸ் வேணுமா? லாரில இருக்கு," என்றான். போய் ஒரு வாளி நிறைய அள்ளிக்கொண்டு வந்து கொட்டினான். முழுக்க கெம்போங் மீன் வாடை. "அந்த ஐஸுக்குத்தான் நான் கழுத்த நீட்டுனேன்," என்பாள் பிரேமலா. "மாப்பிள்ளை முகத்த ரெண்டாவதாத்தான் பாத்தேன்."

கல்யாண வாழ்க்கை சௌக்கியம்தான், அவனுக்குக் கொஞ்சம் குளிர் அதிகம். வீட்டில் ஏர்கோன் எந்நேரமும் பதினாறில் ஓடும். ஹேமநாதன் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு காற்பந்து பார்ப்பான். மகள் லோஷினிக்கு இப்போது பதினான்கு வயது. அவளுக்குத் தாயின் கால் வரவில்லை. உச்சி வெயிலில் சாக்ஸும் சப்பாத்துமாகப் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுகிறவள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஐஸும் சும்மா விடவில்லை. மணிக்கணக்கில் பனிக்கட்டியில் ஊறிய காலில் தோல் வெளுத்து, நைந்து, சுண்டுவிரல் பக்கம் பிளந்தது. மூன்று வாரத்தில் ஐம்பது காசு அகலத்துக்குப் புண். எரிச்சலில் புண்ணின் வலியே அவளுக்குத் தனியாகத் தெரியவில்லை. நாற்றம் வந்தபிறகுதான் ஹேமநாதன் அவளை லாரியில் தூக்கி உட்கார வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனான்.

அங்கே இருந்தவர் டாக்டர் சிந்துஜா. முப்பது வயதுகூட இருக்காது. ஜொகூர் பாருவில் வளர்ந்த சிலோன் தமிழ்ப் பெண். அப்பா பெரிய அரசாங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவராம். தமிழ் கொஞ்சம் புத்தகம், கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் சமாளிப்பு. புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு அவர் கேட்டார்: "அக்கா, ஏன் காலை ஐஸ்ல வைக்கிறீங்க?"

இதுவரை எல்லோரும் வைக்காதே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. பிரேமலா சொன்னாள். ஏழு வயதிலிருந்து ஆரம்பித்து, லோங்காங், பூட்ஸ், அப்பா, போமோ, சின்சே எல்லாம் சொன்னாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவளை வெளியே அழைத்துப்போய், வாகனம் நிறுத்தும் இடத்தில் வெயிலில் நிற்கச் சொன்னார்.

பத்து நிமிடத்தில் இரண்டு காலும் மிளகாய்ப் பழ நிறத்துக்கு வந்தன. பிரேமலா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் குனிந்து, போனில் படம் எடுத்து, நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"என் கால் எரியறதுல உங்களுக்கு என்ன டாக்டர் அவ்வளோ ஆனந்தம்?"

"சாரி அக்கா. இதைப் புத்தகத்துல மட்டும்தான் பாத்திருக்கேன்."

இரத்தம் எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. பிரேமலாவும் ஹேமநாதனும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் ஒரு காகிதத்தில் நீளமாகக் கோடு ஒன்று போட்டு, அதில் சின்னச் சின்னக் கதவுகளாக வரைந்தார்.

"இது வலி நரம்பு. இதுல இருக்கிறது எல்லாம் சோடியம் உள்ளே போற கதவு. சூடோ அடியோ போதுமான அளவு வந்தாத்தான் இது திறக்கணும். திறந்ததும் சோடியம் உள்ளே பாயும். நரம்புல ஒரு துடிப்பு கிளம்பி, மூளைக்கு 'வலிக்குது'ன்னு போய்ச் சொல்லும். உடனே கதவு மூடிக்கணும். உங்களுக்கு அந்தக் கதவை உண்டாக்கிற மரபணுவில ஒரு எழுத்து மாறியிருக்கு. அதனால லேசான சூட்டுக்கே திறக்குது. மூடவும் தாமதமாகுது. மத்தவங்களுக்குத் துடிப்பே வராத இடத்துல உங்களுக்குப் படபடன்னு வந்துகிட்டே இருக்கு."

பிரேமலா காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "எங்க குளிர் ரூம் கதவு ரப்பர் தேஞ்சா இப்படித்தான். கை பட்டாலே தொறந்துக்கும். சாத்துனா சாத்தாது."

"அதேதான்!"

"ஒரே ஒரு எழுத்தா டாக்டர்?"

"ஒரே ஒரு எழுத்து."

"ஒரு எழுத்துப் பிழைக்கா நான் இத்தன வருஷம் ஐஸ்ல நின்னேன்? பள்ளிக்கூடத்துல பக்கம் பக்கமா தப்பா எழுதுனவன்லாம் ஜம்முன்னு நடக்குறான்."

டாக்டர் சிரித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். இதே கதவு திறக்கவே திறக்காத மனிதர்களும் உலகில் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வலி என்பதே தெரியாது.

"யார் அந்தப் புண்ணியவான்? நம்பர் கொடுங்க, ஆளுக்குப் பாதியா மாத்திக்கலாம்."

"வேண்டாம் அக்கா. அந்தக் குழந்தைகள் பல் முளைச்சதும் தங்களோட நாக்கையே கடிச்சுத் துண்டாக்கிடுவாங்க. எலும்பு உடைஞ்சாலும் தெரியாம நடப்பாங்க. நிறையப் பேர் சின்ன வயசுலயே போயிடுறாங்க."

பிரேமலா தன் நாக்கைப் பல்லால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சரி, மாத்த வேணாம்," என்றாள் கடைசியில். "என்னோடதயே கொஞ்சம் ரிப்பேர் பண்ணிக் கொடுங்க."

வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று, அந்தக் கதவை லேசாக அழுத்திப் பிடிக்குமாம். எல்லா எழுத்துப் பிழைக்கும் கேட்காது, இவளுடையதற்குக் கேட்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் அதற்கு முன் இன்னொரு இரத்தப் பரிசோதனை வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் சிலருக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்றார் டாக்டர்.

"கால் எரியுதுன்னு வந்தா தோல உரிக்கப் பாக்குறீங்களே," என்றாள் பிரேமலா. ஹேமநாதன் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினான்.

திரும்பி வரும்போது பாதி வழியில், "லாரிய நிறுத்துங்க," என்றாள். அவன் ஓரம் கட்டினான். அவள் அந்தச் சோதனை முடிவுத் தாளை மடியில் விரித்துவைத்து அழுதாள். கிளினிக்கில் ஒரு சொட்டுகூட விடாதவள். ஹேமநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மருந்து இருக்குன்னுதானே சொன்னாங்க, ஏன் அழுவுற?"

"இந்தத் தாள எங்கப்பாகிட்ட யாரும் காட்டலயே," என்றாள்.

இரண்டாவது பரிசோதனையில் ஆபத்தில்லை என்று வந்தது. மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் தலை சுற்றியது. மூன்றாவது வாரம், மதியம், அவள் படகுத்துறையிலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் நடந்து போய் ஒரு பொட்டலம் பிசாங் கோரேங் வாழைப்பழ பஜ்ஜி வாங்கிக்கொண்டு நடந்தே திரும்பி வந்தாள். கால் சுள்ளென்றது. அவ்வளவுதான். எரிச்சல் அடியோடு போகவில்லை. பத்து என்று இருந்தது நாலுக்கு வந்தது. ஆனால் ஐஸில் நிற்காமல் இருக்க முடிந்தது, புண்ணும் ஆறிக்கொண்டு வந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டர் சிந்துஜா குடும்ப மரம் வரைய உட்கார்ந்தார். அப்பா வழியில் வந்திருக்கிறது, பிள்ளைகளில் பாதிக்குப் பாதி வர வாய்ப்பு. அப்பாவோடு பிறந்தவர்கள் யார்? ஒரே ஒரு தங்கை. செனாயில் மகன் வசந்தனோடு இருக்கிறாள்.

பிரேமலா போன் செய்தாள்.

"எனக்கு என்ன கேடு?" என்று பேச்சியம்மாள் வெடித்தாள். "எங்க வம்சத்துல அப்படி ஒண்ணும் கெடையாது. உங்கம்மா பக்கம் தேடு."

வசந்தனின் கல்யாணம் அடுத்த மாதம் செனாயில் நடந்தது. பெரிய மண்டபம். முகூர்த்தம் பதினொன்றரை, வெயில் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் தாய் என்பதால் அத்தை காலையிலிருந்து வாசலுக்கும் மேடைக்குமாக நின்றுகொண்டே இருந்தாள். தாலி கட்டி முடிந்த சற்று நேரத்தில் ஆளைக் காணோம். பிரேமலாவுக்கும் அதற்குள் கால் சூடேற ஆரம்பித்திருந்தது. மாத்திரை இருந்தாலும் கல்யாண வீடு கல்யாண வீடுதான். குளிர்ந்ததாக ஏதாவது கிடைக்குமா என்று சமையல்கட்டுக்குப் பின்புறம் போனாள்.

அங்கே, அண்டாக்களுக்கு அப்பால், சுவரைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பேச்சியம்மாள். அரக்குப் பட்டு முழங்கால் வரை சுருட்டியிருக்க, இரண்டு காலும் விருந்தாளிகளுக்கு டின் தண்ணி வைத்திருந்த பெரிய நீல நிற ஐஸ் பெட்டிக்குள். சோயா பால் டின்களுக்கும் ஆரஞ்சு டின்களுக்கும் நடுவே பாதங்கள். கண் மூடியிருந்தது.

"அத்தை?"

பேச்சியம்மாள் திடுக்கிட்டுக் காலை எடுக்கப் போனாள். முடியவில்லை. பிரேமலா கிட்டே போய்ப் பார்த்தாள். அதே சிவப்பு. கணுக்காலுக்கு மேல் நாலு விரல் உயரத்தில், அளந்து கோடு போட்டது போல, அதே இடத்தில் நின்றிருந்தது.

"எப்போருந்து?"

அத்தை ஒரு டின்னைக் காலால் தள்ளிவிட்டாள். "பத்து வயசுலருந்து."

"பத்து வயசுலருந்தா!"

"கத்தாத. சம்பந்தி வீட்டுக்காரங்க காதுல விழும்." குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பா ஆம்பள, வாய்க்கால்ல போய் உக்காந்தாரு. நான் உக்காந்தா எவன் கட்டிப்பான்? குளிக்கிற ரூமுக்குள்ள கதவச் சாத்திகிட்டு நிப்பேன். கட்டுனவருக்கே சாகுற வரைக்கும் தெரியாது. சுத்தம் பாக்குற பொம்பளன்னு நெனச்சிகிட்டாரு."

"அப்ப என்னை ஏன் நாடகக்காரின்னு ஊர் பூரா சொன்னீங்க?"

"எல்லாரும் உன் காலப் பாத்துகிட்டு இருந்தா என் காலப் பாக்க மாட்டாங்கல்ல."

பிரேமலாவுக்கு அந்தப் பெட்டியை அப்படியே தூக்கி அத்தையின் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. சந்தனமும் எலுமிச்சம்பழமும் முள்ளம்பன்றியாக உட்கார்ந்த அரைமணி நேரமும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. "அப்பாவக் குடிகாரன்னு சொன்னாங்களே," என்றாள். "அப்பகூட வாயத் தொறக்கலயே நீங்க."

அத்தை முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாய்க்கு வார்த்தை வரவில்லை. பிரேமலா காத்துக்கொண்டு நின்றாள். நிற்க நிற்க அவளுடைய காலும் தன் வேலையைக் காட்டியது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், செருப்பை உதறினாள். "நகருங்க," என்று அந்தப் பெட்டிக்குள்ளேயே தன் கால்களையும் விட்டாள்.

அப்படி இரண்டு பேரும் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தபோதுதான், கையில் காலி டின்னோடு ஹேமநாதன் இன்னொன்று எடுக்க வந்தான். பெட்டியைப் பார்த்தான். நாலு காலைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த சோயா பால் டின்னைப் பார்த்தான்.

"அலமாக்! நான் மூணு டின்னு குடிச்சிட்டேன்லா!"

அத்தைதான் முதலில் சிரித்தாள்.

டாக்டர் சிந்துஜாவிடம் அத்தையைக் கொண்டுபோனார்கள். அதே எழுத்து, அதே இடம். தோல் உரியும் ஆபத்து இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் வந்தது, மாத்திரை ஆரம்பித்தார்கள். எல்லாம் சரியாகத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் டாக்டர் அத்தனை நேரம் விளக்கியதில் பேச்சியம்மாளின் காதில் நின்றது ஒரே ஒரு சொல்: சோடியம்.

"சோடியம்னா உப்புதானே?" என்று வீட்டுக்கு வந்ததும் மருமகளைக் கேட்டிருக்கிறாள். ஆமாம் என்று அந்தப் பெண் சொல்ல, அன்றைக்கே உப்பு ஜாடி குப்பைக்குப் போனது. உப்பு இல்லாவிட்டால் கதவுக்குள்ளே பாய என்ன இருக்கும் என்பது அத்தையின் ஆராய்ச்சி. வசந்தனும் புது மனைவியும் மூன்று வாரம் உப்பில்லாத ரசமும் உப்பில்லாத மீன் குழம்பும் தின்றார்கள். புதுக் கல்யாணம் என்பதால் பொறுத்துக்கொண்டார்கள். போதாததற்கு, உள்ளே இருக்கிற உப்பையும் கழுவிவிடலாம் என்று அத்தை வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தாள். இரத்தம் பார்க்க வரச்சொன்ன தேதியில், "எனக்குத்தான் நல்லாயிடுச்சே," என்று போகவும் இல்லை.

அந்த மாத்திரையே உடம்பில் சோடியத்தைக் குறைக்கக்கூடியது. அதற்காகத்தான் டாக்டர் இரத்தம் பார்க்கக் கூப்பிட்டார். நாலாவது வாரம் அத்தை தலை கிறுகிறுத்து, பேச்சு குழறி, வசந்தனை யார் நீ என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பிரேமலா போய்ச் சேர்ந்தபோது வார்டே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சுவரில் இருந்த தொலைக்காட்சியைத் தோட்டத்து மேனேஜர் என்று நினைத்து விரலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் குடிக்கல! கேட்டுக்க! அது குடிகாரன் நடையில்ல, கால் வெந்து போய் நடக்குற நட! எனக்குத் தெரியும், எனக்கும் அதே காலு! வாய்க்கா அர்ச்சுனன்னு எவனாவது சொன்னீங்க..."

மலாய் நர்ஸ் அவள் தோளைத் தடவிக்கொடுத்து, "சரி மக்சிக், சரி," என்றாள். தொலைக்காட்சியில் யாரோ கேக் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேமலா கட்டிலின் மறுபக்கம் போய் நின்று, அத்தையின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். தடுக்கவில்லை. முழுக்கப் பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு நாளில் உப்பு ஏறி அத்தை தெளிந்தாள். பேசியது எதுவும் நினைவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரி காஹாங்கில் பெண் கொடுத்தவள், அதனால் அத்தை வீடு திரும்பும் முன்பே சேதி காஹாங் போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்றும் செய்வதற்கில்லை என்றானதும் அத்தை மூன்று நாள் முறைத்துக்கொண்டிருந்தாள். நாலாவது நாள், அர்ச்சுனனைப் பற்றி முன்பு அதிகமாகப் பேசிய பழைய கங்காணி மகனுக்குத் தானே போன் போட்டு, ஆஸ்பத்திரியில் சொன்னதைப் புத்தி தெளிந்தே இன்னொரு தடவை சொன்னாள். இம்முறை கெட்ட வார்த்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் இரண்டு பேர், தனித்தனியாக, யாருக்கும் சொல்லாதே என்று சொல்லிக்கொண்டு பிரேமலாவிடம் கிளினிக் முகவரி கேட்டார்கள். ஒருவருக்கு இருபது வருடமாக வாத நோய் என்று பெயர். அத்தைக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது வயிற்றைப் புரட்டுகிறது, ஆனால் காலுக்குக் கேட்கிறது.

போன மாதம் டாக்டர் சிந்துஜா இரண்டு பேரையும் அழைத்தார். இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுத வேண்டும், சம்மதமா என்று கேட்டார். பெயர் வராது. முகம் வராது. பாதங்களின் படம் மட்டும் வரும்.

"முகம் ஏன் வராது?" என்றாள் பேச்சியம்மாள்.

"உங்க அந்தரங்கம் ஆன்ட்டி. அதைப் பாதுகாக்கிறது விதி."

"அம்பத்து நாலு வருஷம் பாதுகாத்தது போதும். பேரு போடு. முகத்தையும் போடு. கல்யாணத்துல எடுத்த நல்ல படம் இருக்கு."

டாக்டர் விதியை மூன்று தடவை விளக்கினார். அத்தை மூன்று தடவையும் மாட்டேன் என்றாள். கடைசியில் பிரேமலா காதோடு, "பாதத்த உலகமே பாக்கும் அத்தை," என்றதும், முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். படம் எடுப்பது அடுத்த வியாழக்கிழமை காலை என்று முடிவானது. எரியும்போது எடுக்க வேண்டும், ஆனால் அதற்காக மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம், வெயிலில் சற்று நின்றால் போதும் என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை பிரேமலா சிவந்த காலோடு முதலில் உட்கார்ந்தாள், படம் எடுத்தாயிற்று. அடுத்து அத்தை செருப்பைக் கழற்றினாள். டாக்டர் கேமராவைத் தூக்கியவர் அப்படியே கீழே இறக்கிவிட்டார். உலகமெல்லாம் பார்க்கப் போகிற பாதம் வெறுமனே போகலாமா? அத்தை முந்தின நாள் மருமகளை உட்கார வைத்து, விரல் நுனியிலிருந்து கணுக்கால் வரைக்கும் மயிலும் தோகையுமாக மருதாணி போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"ஆன்ட்டி, நரம்புச் சிவப்பு தெரியணும்! இதுல எது நோய், எது மருதாணின்னு எப்படிச் சொல்றது?"

"மயில் இருக்குற எடம் மருதாணி," என்றாள் பேச்சியம்மாள். "மிச்சமெல்லாம் நோய்."